பூனைக்குப் போட்ட அத்திவாரம்

நான் ஒரு விசரன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால், வாசித்துக்கொண்டு போகும்போது அதை நீங்களாகவே கண்டுபிடித்ததாக ஒரு பெருமை உங்களுக்கு வந்துவிடும். அந்தப் பெருமைக்கு எங்கள் வீட்டில் ஏற்கெனவே இரண்டு பேர் போட்டி போடுகிறார்கள். ஒருவர் என் மனைவி. கலியாணம் முடித்த கையோடு கண்டுபிடித்தவர். மற்றவர் என் மகள். கொஞ்சம் பிந்தித்தான், ஆனால் கூடுதல் ஆதாரங்களோடு.

விசர்த்தனம் என்னவென்றால், ஒரு முற்றிய தேங்காயின் நிறைகூட இல்லாத பூனை ஒன்று வீதிக்குப் போகாமல் இருப்பதற்காக, மானிப்பாயில் எங்கள் வளவின் முன்மூலையில் அத்திவாரம் வெட்டி, சீமெந்துக்கல் அடுக்கி, படி வைத்து, யன்னல் வைத்து, தகரக்கூரை போட்டு ஒரு கட்டடம் எழுப்பினேன். இதைவிட லேசான வழி ஒன்று இருந்தது. கேற்றைப் பூட்டியிருக்கலாம்.

கேற் விஷயத்தில் என் பக்க நியாயத்தையும் கேளுங்கள். நான் பஸ் டிப்போவில் நேரக்கணிப்பாளனாக இருந்து ஓய்வுபெற்றவன். என் வேலை பஸ்களை உரிய நேரத்துக்கு வெளியே அனுப்புவது. கேற்றைத் திறக்கவும் மூடவும் காவலாளி இருந்தார். நான் வாயில் விசிலோடு நிற்பேன், பஸ் போகும், கேற் மூடும். அத்தனை வருடம் அப்படி நின்றதில், கேற் என்பது மனிதர் கடந்துபோனதும் தானாகவே மூடிக்கொள்ளும் ஒரு பொருள் என்ற எண்ணம் எனக்குள் ஊறிவிட்டது. இன்றைக்கும் சைக்கிளை உருட்டிக்கொண்டு வளவுக்குள் வந்தால், எனக்குப் பின்னால் யாரோ அதை மூடுகிறார் என்றுதான் நினைத்துக்கொண்டு போவேன்.

எங்கள் வீட்டில் இதற்கு முன்னர் இரண்டு பூனைகள் இருந்தன. இரண்டும் இப்போது மாதுளை மரத்துக்குக் கீழே கிடக்கின்றன. எங்கள் வீதி குண்டும் குழியுமாய்க் கிடந்த காலத்தில் பூனைகளுக்கு நல்ல காலம். வருகிற வாகனம் தானே வழி தேடிக்கொண்டு வரும். பூனை நின்று யோசித்துக் குறுக்கே போகும். பிறகு வீதிக்குத் தார் ஊற்றிக் காபெற் போட்டார்கள். எல்லாரும் கைதட்டினோம். முதலில் மினிபஸ் பறந்தது, பிறகு மோட்டார் சைக்கிள் பறந்தது, பிறகு எங்கள் பூனைகள். இரண்டு தடவையும் கேற் திறந்து கிடந்தது. கடைசியாகக் கேற்றால் வந்தவர் யார் என்று இரண்டு தடவையும் வீட்டில் விசாரணை நடந்தது. இரண்டு தடவையும் நான் மௌனம் சாதித்தேன். எங்கள் வீட்டில் மௌனம் என்ற பொருள் என்னிடம் அகப்படுவதே அபூர்வம் என்பதால், விசாரணை கெதியாக முடிந்தது.

மூன்றாவது பூனையை மகள் கொண்டுவந்தாள். மழை நாளொன்றில் பஸ் தரிப்பிடத்தில் சனம் இருக்கிற வாங்குக்குக் கீழே நனைந்துகொண்டு கிடந்ததைச் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு வந்தவள், மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். பூனையைப் பார்க்கவில்லை, என்னைத்தான்.

இந்தப் பூனைக்கு வீதியில் ஆசை கிடையாது. அதற்கு ஆசை மீனில். குருநகரிலிருந்து ஒரு தம்பி மோட்டார் சைக்கிளில் மீன்பெட்டி கட்டிக்கொண்டு காலையில் வருவான். எங்கள் கேற்றடியில் நின்று ரப்பர் ஹோர்ணை அமுக்குவான். அந்தச் சத்தம் கேட்டால் பூனை எங்கே நின்றாலும் வந்து சேரும்: அடுப்படியிலிருந்து, கிணற்றுக்கட்டிலிருந்து, என் மடியிலிருந்து, நகத்தோடு. திறந்த கேற்றால் பாய்ந்து நடு வீதிக்கு ஓடும். ஒரு நாள் அப்படி ஓடும்போது ஒரு வான் அதன் வாலில் ஏறிவிட்டது. வால் நடுவில் முறிந்து ஒரு பக்கமாகத் திரும்பிவிட்டது. அன்றிலிருந்து எங்கள் பூனை, வலப்பக்கம் திரும்பப்போகிறேன் என்று சிக்னல் போட்டுவிட்டு நிறுத்த மறந்த வாகனம் மாதிரித் திரிகிறது.

மகள் அதை மிருக வைத்தியரிடம் கொண்டுபோய்க் கட்டுப்போட்டுக்கொண்டு வந்தாள். நான் மாமரத்துக்குக் கீழே கதிரை போட்டு இருந்தேன். வந்து எனக்கு முன்னால் நின்றாள்.

"அப்பா, இதுவும் செத்தா நான் அழமாட்டன்."

"அப்பிடித்தான் மனந்தேற வேணும், பிள்ளை" என்றேன்.

"உங்களோடை கதைக்கவும் மாட்டன்."

சொல்லிவிட்டு உள்ளே போனாள். அவள் பகிடி விடுகிற ஆளில்லை. ஆனால் என் பகிடிக்குச் சிரிக்கிற ஆள். அதுவும், ஒரே ஆள். மனைவி சிரிப்பதை நிறுத்திக் கனகாலம். நான் வாயைத் திறக்கும்போதே "தெரியும்" என்று சொல்லிவிடுவார். மகளும் கதைக்காவிட்டால், ஒரு நாளைக்கு எனக்குள் விளைகிற பகிடியை எல்லாம் நான் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? பூனை செத்தால் பூனைக்கு ஒரு நாள் சாவு. எனக்கு மிச்சக் காலம் முழுக்க.

எனவே பூனைக்கு ஒரு கூடு அடிப்பது என்று முடிவெடுத்தேன். வெளியில் வெயில் காயலாம், காற்று வாங்கலாம், வீதி பார்க்கலாம், வீதிக்குப் போகமுடியாது. உதவிக்கு மனைவியின் தம்பியைக் கூப்பிட்டேன். இரண்டாவது விசர்த்தனம் அது. மைத்துனர் வீதி வேலைகளில் ஓவசியராக இருந்தவர். மதகு கட்டுவதில் காலத்தைக் கழித்தவர்.

"மச்சான், நாலு தடி, கொஞ்சக் கோழிவலை. ரெண்டு பேருமாய் ஒரு பின்னேரத்திலை அடிச்சுப்போடலாம்" என்றேன்.

அவர் முன்மூலை மண்ணைக் காலால் கிளறிப் பார்த்தார்.

"மாரியிலை இதிலை தண்ணி நிக்குமெல்லே, அத்தான்?"

"கொஞ்சம் நிக்கும்."

"தடி உக்கும். கறையான் ஏறும். கீரி தோண்டிக்கொண்டு உள்ளை வரும்."

"கீரி ஏன் பூனையிட்டை வருது?"

"அதைக் கீரியிட்டைத்தான் கேக்கவேணும். அத்திவாரம் இல்லாமல் நான் ஒண்டும் கட்டினதில்லை."

அது உண்மை. அவர் வீட்டுக் கோழிக்கூட்டுக்கு அத்திவாரம் உண்டு. உடுப்புக் காயப்போடும் கொடிக்கம்பத்துக்கு அத்திவாரம் உண்டு. கேற்றடியில் நிற்கும் கடிதப்பெட்டி, கடிதம் ஒன்றும் வராத அந்தப் பெட்டி, எந்தப் புயலுக்கும் அசையாது. நான் எதிர்த்துப் பார்த்தேன். பூனையின் நிறையைச் சொன்னேன். "பாரத்தைப் பாத்து அத்திவாரம் போடுறேல்லை, மண்ணைப் பாத்துத்தான்" என்றார். மறுநாளே ஒரு லோட் மணலும் ஒரு லோட் சல்லிக்கல்லும் எங்கள் கேற்றுக்கு வெளியே வந்து விழுந்தன.

வேலையை நாங்கள் இருவரும் பங்கிட்டுக்கொண்டோம். ஓவசியர் என்றால் வேலை செய்பவர் அல்ல, வேலையைப் பார்ப்பவர் என்பதை மைத்துனர் எனக்குத் தெளிவாக விளங்கப்படுத்தினார். கதிரையில் இருந்தபடிதான் விளங்கப்படுத்தினார். நான் குழி வெட்டினேன், சீமெந்து குழைத்தேன், கல் அடுக்கினேன். என் முதல் வரிசை ஆற்றுவளைவு மாதிரி அழகாக வளைந்து போயிற்று. அவர் எழும்பி வந்து, குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

"அத்தான், உது சுவரோ, மதகுக்குப் போற வாய்க்காலோ?"

இடித்துவிட்டுத் திரும்ப அடுக்கினேன். வீட்டுப் பக்கம் முழுச் சுவர், மற்ற மூன்று பக்கமும் இடுப்பளவு கட்டி அதற்கு மேல் கம்பிவலை. முழுச் சுவரில் ஒரு யன்னலும் வைப்பித்தார். மூன்று பக்கம் வலை இருக்கும்போது நாலாவது பக்கத்தில் யன்னல் எதற்கு என்று கேட்டேன். சுவர் என்றால் யன்னல் வேண்டும் என்றார். அத்திவாரம் உயர்ந்துவிட்டதால் படி வேண்டும் என்றார். மூன்று படி. பூனை ஒரே பாய்ச்சலில் மதிலில் ஏறுகிற பிராணி. உள்ளே, பூனை ஏறிப் படுப்பதற்காக ஒன்றுக்கு மேல் ஒன்றாக மூன்று பலகைத் தட்டு. முன்பக்கம் இரும்புக் கிறில் கதவு, அதற்கு ஒரு ஆமைப்பூட்டு. வீட்டுக்கு அடித்து மிஞ்சிய மஞ்சள் பெயின்ற்றை அதற்கும் அடித்தோம்.

கடைசி நாள் மைத்துனர் சுவரில் உள்ளங்கையால் தட்டினார்.

"இனி ஒரு பஸ் ஏறினாலும் தாங்கும்."

"பஸ் ஏன் மச்சான் பூனைக்கூட்டிலை ஏறுது?"

"டிப்போவிலை இருந்தனீங்கள். உங்களுக்குத் தெரியாததோ?" என்றார்.

இனித்தான் கதையே. எங்கள் ஊரில் எழுத்து வாசிக்கத் தெரியாதவர் இருக்கலாம். சல்லிக்கல் வாசிக்கத் தெரியாதவர் இல்லை. கலியாணம் ஆகாத பெண்பிள்ளை இருக்கிற வீட்டின் முன்னால் ஒரு லோட் சல்லி விழுந்தால் அதற்கு ஒரே ஒரு கருத்துத்தான். சீதன வீடு எழும்புகிறது. மாப்பிள்ளை பொருந்திவிட்டது, அல்லது பொருந்திக்கொண்டிருக்கிறது. வீட்டுக்காரர் வேறு என்ன சொன்னாலும் அது பேச்சுக்குச் சொல்வது.

முதலில் வாசித்தவன் மீன்காரத் தம்பி.

"ஐயா, வேலை தொடங்கியாச்சுப் போலை."

"ஓம் தம்பி. பூனைக்கு ஒரு கூடு கட்டுறம்."

அவன் சல்லிக் குவியலைப் பார்த்தான். கட்டுப்போட்ட வாலோடு மதிலில் இருந்த பூனையைப் பார்த்தான். பிறகு தராசில் விளைமீனை வைத்துக்கொண்டு, புண்பட்ட குரலில் சொன்னான்:

"சொல்ல விருப்பமில்லாட்டி விடுங்கோ, ஐயா."

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியில் வந்தால், மனைவியை ஒரு அம்மா மடக்கிவிட்டார். மகளுக்கு எங்கே பேசியிருக்கிறது என்று விசாரணை. எங்கேயும் இல்லை, அது பூனைக்கூடு என்று மனைவி சொன்னார். "ஓமோம், முற்றாகும் வரைக்கும் வெளியிலை விடாமல் இருக்கிறதுதான் புத்தி" என்று அந்த அம்மா மனைவியின் கையை அழுத்திவிட்டுப் போனார். போதகர் ஐயாவும் என் தோளில் கை வைத்தார். வீட்டுப் பிரதிட்டைக்கு நாளைச் சொல்லுங்கோ, வந்து ஜெபம் பண்ணுறன் என்றார். "அது பூனைக்குத்தான் ஐயா. அதுக்கு இன்னும் ஞானஸ்நானமும் குடுக்கேல்லை" என்றேன். அவர் சிரிக்கவில்லை. கையை மட்டும் எடுத்துக்கொண்டார்.

நான் எத்தனையோ பேருக்கு உண்மையைச் சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை. பொய் சொல்லி நம்பவைக்க முடியாதபோது வருகிற வருத்தம் எனக்குப் பழக்கம். உண்மை சொல்லி நம்பவைக்க முடியாதபோது வருவது புது வருத்தம். நல்ல மனிதன் என்றால் வருத்தத்தோடு நின்றிருப்பான். நான் பொய்யைப் பரீட்சித்துப் பார்த்தேன். "தளம் மாபிளோ?" என்று ஒருவர் கேட்டார். மாபிள்தான் என்றேன். நம்பினார். "மேல்மாடியும் போடுற யோசினையோ?" என்று இன்னொருவர். மகளும் மருமகனும் ஒத்துப்போனால் போடலாம் என்றேன். அவரும் நம்பி, ஒத்துப்போவார்கள் என்று ஆறுதலும் சொன்னார். மீன்காரத் தம்பிக்கு, உள்ளேயே குளியலறை வருகிறது என்றேன். அவன் முகம் மலர்ந்துவிட்டது. கடைசியில் ஐயா தன்னிடம் உண்மையைச் சொல்லிவிட்டார் என்று அவனுக்கு ஒரு திருப்தி.

"உந்தப் பகிடியாலை ஒரு நாளைக்கு நல்லா வாங்குவியள்" என்றார் மனைவி.

குருநகரில் புறப்படுகிற மீன், மானிப்பாய் வந்து, வட்டுக்கோட்டை வரைக்கும் போகும். மீன் போகிற இடமெல்லாம் கதையும் போகும். வெயில் ஏற ஏற மீன் பழுதாகும். கதை அப்படியில்லை.

இதற்கிடையில் பூனை குடிபுகுந்தது. வராது, அடம் பிடிக்கும் என்று எல்லாரும் எனக்குப் பயங்காட்டியிருந்தார்கள். அது மூன்று படியையும் மதித்து, ஒவ்வொன்றாய் ஏறி, உள்ளே போய், மேல் தட்டில் படுத்துக்கொண்டு வீதியைப் பார்த்தது. மினிபஸ் போகும்போதெல்லாம் தலையைத் திருப்பிப் பார்க்கும். நேரத்துக்குப் போகிறதா என்று பார்ப்பது போலிருக்கும். என் உத்தியோகத்தை அதற்குக் கொடுத்துவிட்டு நான் சும்மா இருந்தேன். காலையில் ஹோர்ண் கேட்டால் வலையில் தொற்றி நின்று கத்தும். தம்பி மதிலுக்கு மேலால் எட்டி, வலை ஓட்டையால் ஒரு சூடை மீனை உள்ளே தள்ளிவிடுவான். மகள் வேலைக்குக் கந்தோருக்குப் போகும்போது பூனையை உள்ளே விட்டுப் பூட்டித் திறப்பை என்னிடம் தருவாள். தண்ணீர் வைக்க நான்தானே பகலில் நிற்பவன்.

"கவனம், அப்பா."

"கட்டினவனே நான், பிள்ளை. அத்திவாரம் எனக்குத் தெரியும்."

சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காக இன்னுமொரு மதகு கட்டச் சொன்னாலும் கட்டியிருப்பேன்.

ஒரு சனிக்கிழமை காலை மகள் பாட்டுக்குழுப் பயிற்சிக்குத் தேவாலயத்துக்குப் போயிருந்தாள். வெள்ளை வான் ஒன்று எங்கள் கேற்றடியில் நின்றது. வீதி ஒடுக்கம் என்பதால் சாரதி பின்பக்கமாக எடுத்து, பாதி வானைக் கேற்றுக்குள் விட்டு, பாதியை வெளியே வைத்துக்கொண்டு நிறுத்தினான். இறங்கியது இஸ்திரி மடிப்புக் கலையாத சேலையில் ஒரு அம்மா. பின்னால் அவருடைய தமையன், மழையும் வெயிலும் இல்லாத நேரத்தில் குடையோடு.

"நாங்கள் வட்டுக்கோட்டை. இஞ்சாலை ஒரு அலுவலாய் வந்தனாங்கள். உங்கடை வீடும் இதிலைதான் எண்டு சொல்லிச்சினம். அதுதான் ஒருக்கா எட்டிப் பாப்பமெண்டு."

இஞ்சாலை அலுவலாய் வருகிறவர்கள் கையில் கேக் பெட்டி இருப்பதில்லை. இவர் கையில் இருந்தது. மனைவி தேத்தண்ணி கொண்டுவந்தார். மகன் கொழும்பில் இஞ்சினியராக இருக்கிறார் என்ற செய்தி தேத்தண்ணிக்குச் சீனி போடுகிற நேரத்தில் தற்செயலாக வெளிவந்தது. பிறகு அந்த அம்மா யன்னலால் பார்த்தார்.

"முன்னுக்கு ஒரு வேலை நடந்திருக்குப் போலை."

"அது பூனைக்கு, அக்கா" என்றார் மனைவி.

"எங்களிட்டை மறைக்கவேண்டாம். நாங்கள் சீதனம் கேக்கிற ஆக்களில்லை."

"கேக்கிறேல்லை" என்றார் தமையன். "பாக்கிறது மட்டுந்தான்."

மனைவி என்னைப் பார்த்தார். வாயைத் திறக்கவேண்டாம் என்பது அந்தப் பார்வையின் பொருள். எனக்கு நன்றாகவே விளங்கியது. விளங்கிய பிறகுதான் எழும்பினேன்.

"வாங்கோவன், காட்டுறன்."

இடுப்பில் செருகியிருந்த திறப்பை எடுத்துப் பூட்டைத் திறந்து, விருந்தாளிகளுக்கு மரியாதையாக, கிறில் கதவை முழுதாக விரித்துவிட்டேன். பூட்டு என் விரலில் தொங்கிக்கொண்டிருந்தது. மூவரும் படியேறி உள்ளே போனோம். தமையன் குடையால் நீளம் அளந்தார், அகலம் அளந்தார்.

"சின்னனாக் கிடக்கு."

"அத்திவாரம் பெரிசு. மேலை ரெண்டு மாடி எழுப்பலாம். பஸ் ஏறினாலும் தாங்கும்."

அவர் காலால் தரையைத் தட்டிப் பார்த்துத் தலையாட்டினார். அந்த அம்மா பலகைத் தட்டுகளைக் காட்டினார்.

"உதென்ன?"

"அடுக்குக் கட்டில். இடம் மிச்சம் பிடிக்கலாமெல்லே."

"சுத்திவர வலை?"

"நுளம்பு கடிக்காமலிருக்க."

அவர் வலை ஓட்டையால் நாலு விரலை வெளியே நீட்டினார். நீட்டிய விரல்களை ஆட்டியும் பார்த்தார்.

"இதாலை காகமும் வரும்."

"மானிப்பாய் நுளம்பு அப்பிடி, அக்கா."

அவர் என்னை நிதானமாகப் பார்த்தார். பிறகு மேல் தட்டைப் பார்த்தார். அங்கே பூனை இருந்து, எங்கள் மூவரையும், எந்தப் பஸ்ஸில் வந்த சனம் என்ற மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த அம்மா ஏதோ கேட்க வாயெடுத்தார்.

அப்போதுதான் வீதியில் ரப்பர் ஹோர்ண் கேட்டது.

பூனை மேல் தட்டிலிருந்து தமையனின் தோளுக்குப் பாய்ந்தது. தமையன் அலறிக் குடையை விரித்தார். தோளிலிருந்து படிக்கு, படியிலிருந்து முற்றத்துக்கு. பிறகு காணவில்லை. கேற் திறந்து கிடந்தது. வான் நின்றதால் மூடமுடியாமல் போயிற்று என்று பிறகு விசாரணையில் சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை.

நான் ஓடினேன். இடம் வலம் பார்க்காமல் வீதிக்கு இறங்க, ஒரு மினிபஸ் சத்தம் போட்டு எனக்குக் கிட்டத்தில் சரிந்து நின்றது. முழங்காலில் இருந்து அதன் கீழே பார்த்தேன். சில்லுகளைப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. இல்லை என்பது நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று தெரியவில்லை. நடத்துநர் வாசலில் தொங்கிக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"ஐயா, சாகிறதெண்டா வேறை றோட்டிலை சாகுங்கோ. எங்களுக்கு நேரம் போகுது."

நேரக்கணிப்பாளனாக அவனுக்கு நான் சொல்ல எவ்வளவோ இருந்தது. ஒன்றும் வரவில்லை. எனக்கு ஒரு பகிடியும் வராத நேரம் அதுதான் முதல்.

மினிபஸ் புறப்பட்டுப் போக, அதற்குப் பின்னால் ஸ்கூட்டியில் மகள் நின்றாள். நடு வீதியில் முழங்காலில் அப்பா. விரலில் ஆமைப்பூட்டு. பின்னால் விரியத் திறந்த கிறில் கதவு. அவள் ஸ்கூட்டியை மதிலில் சாய்த்துவிட்டு, "பூஸ், பூஸ்" என்று கூப்பிட்டுக்கொண்டு வீதியோரமாக நடந்தாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

எல்லாரும் தேடினோம். மீன்காரத் தம்பி ஒரு சின்னப் பாரை மீனை வாலில் பிடித்து ஆட்டிக்கொண்டு வாய்க்கால் நெடுகத் திரிந்தான். வட்டுக்கோட்டை அம்மா சேலைக் கரையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பக்கத்து வீட்டுச் செம்பரத்தை வேலிக்குள் குனிந்து பார்த்தார். தமையன் மட்டும் கூட்டின் படியில் இருந்தார். என்னைக் கண்டதும் மெல்லக் கேட்டார்.

"அப்ப, உண்மையாயே பூனைக்குத்தானோ?"

ஓம் என்று தலையாட்டினேன். அவர் அந்தச் சுவரைத் திரும்பிப் பார்த்த பார்வையில், கைவிட்டுப்போன ஒரு காணியைப் பார்க்கிற துக்கம் இருந்தது.

கொஞ்ச நேரத்தில் அவர்கள் புறப்பட்டார்கள். "கிடைக்கும், பிள்ளை" என்று அந்த அம்மா மகளிடம் சொல்லி, மனைவியின் தொலைபேசி இலக்கத்தையும் வாங்கிக்கொண்டார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. கேக் பெட்டியை விட்டுவிட்டுப் போனார்கள். அதை ஒருவரும் திறக்கவில்லை.

மத்தியானம் நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரி மதில் வரைக்கும் போய் வந்தேன். இரு கரையும் பார்த்துக்கொண்டு மெல்ல மிதித்தேன். உயிரோடு நிற்கிற பூனையைத் தேடுகிறவன் மதிலையும் மரத்தையும் பார்ப்பான். நான் தார் வீதியைத்தான் பார்த்துக்கொண்டு போனேன். வீட்டுக்கு வந்தால் மகள் விறாந்தையால் என்னைக் கடந்து போனாள். ஒரு தூணைக் கடந்து போகிற மாதிரித்தான் போனாள். சாப்பிட்டியோ பிள்ளை என்று கேட்டேன். பதில் இல்லை. அவள் சொன்ன சொல்லில் நிற்பவள் என்பது எனக்குத் தெரியும். என்னிடமிருந்து வந்ததல்ல அந்தக் குணம்.

பொழுது சாய்கிற நேரம் மனைவியின் தொலைபேசி அடித்தது. வட்டுக்கோட்டை அம்மா. ஒலிபெருக்கியில் போட்டார் மனைவி.

"வானைக் கழுவ எடுத்தவை. பின்சீற்றுக்குக் கீழை ஒரு ஆள் படுத்திருக்கிறார். வால் ஒரு பக்கம் திரும்பிக் கிடக்கு. உங்கடையோ?"

வீதிக்கே போகவில்லை அது. தமையனின் அலறலும் குடையும் ஹோர்ணை வென்றுவிட்டன. திறந்து கிடந்த வான் கதவுக்குள் பாய்ந்து ஒளித்துவிட்டது. வட்டுக்கோட்டைக்குச் சீதனமாக முதலில் போய்ச் சேர்ந்தது அதுதான்.

மகள் கூடையை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டிக்கு ஓடினாள்.

"நானும் வாறன்" என்றேன்.

பின்சீற்றில், நான் இருக்கவேண்டிய இடத்தில், அவள் கூடையை வைத்துக் கட்டினாள்.

திரும்பி வரும்போது கூடைக்குள் பொரித்த மீன் மணத்தது. பூனை என்னைப் பார்த்துக் கொட்டாவி விட்டது. மனைவி மகளின் தலையைத் தடவினார். நான் கொஞ்சம் தள்ளி நின்றேன். மகள் கூடையை இறக்கிவிட்டு, காலையிலிருந்து முதல்தடவையாக என்னிடம் கதைத்தாள்.

"அந்த வட்டுக்கோட்டை அன்ரி உங்களிட்டைச் சொல்லச் சொன்னவ."

"என்னவாம்?"

"வீடு நல்ல உறுதியாம். நுளம்புதானாம் கொஞ்சம் பெரிசு."

சொல்லும்போது அவளுடைய வாயோரம் துடித்தது. பிறகு அடக்கமுடியாமல் சிரித்தே விட்டாள். மனைவியும் சிரித்தார். கனகாலத்துக்குப் பிறகு. நானும் சிரித்தேன், ஆனால் எனக்கு வயிறு எரிந்தது. அந்தச் சிரிப்பு எனக்கு வரவேண்டியது. அது வட்டுக்கோட்டைக்குப் போய்விட்டது.

சிரித்து முடிந்ததும் மகள் கையை நீட்டினாள். நான் இடுப்பிலிருந்து திறப்பை எடுத்து அவளுடைய கையில் வைத்தேன். அவள் அதை ஸ்கூட்டித் திறப்போடு ஒரே வளையத்தில் கோத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து இதுதான் எங்கள் வீட்டு ஒழுங்கு. அவள் கதைக்கிறாள், முன்னைப் போலவே கதைக்கிறாள். பகிடிக்கும் சிரிக்கிறாள். ஆனால் திறப்பு அவளோடு கந்தோருக்குப் போய், அவளோடுதான் திரும்பி வருகிறது. போகும்போதே தண்ணீரும் சாப்பாடும் வைத்துப் பூட்டிவிட்டுப் போகிறாள். பகலில் நான் வலைக்கு வெளியே கதிரை போட்டு இருக்கிறேன். பூனை உள்ளே இருந்து என்னைப் பார்க்கிறது. அடைபட்டுக் கிடப்பது யார் என்று வீதியால் போகிறவர்களுக்குச் சட்டென்று விளங்காது. மைத்துனர் வாரத்துக்கு ஒரு தடவை வந்து, சுவரில் வெடிப்பு ஏதும் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டுப் போகிறார். மீன்காரத் தம்பிக்கு மட்டும் இன்னும் நம்பிக்கை விடவில்லை. வட்டுக்கோட்டைச் சம்பந்தம் குழம்பினால் அரியாலையில் ஒரு இடம் தெரியும் என்கிறான்.

போன கிழமை ஒரு பின்னேரம் இதற்கு ஒரு முடிவு கட்டுவது என்று தீர்மானித்தேன். சந்தைக்குப் போய்விட்டு வந்தேன். ஒரு கையில் பூசணிக்காய்ப் பாதி, மறு கையில் சைக்கிள். வளவுக்குள் உருட்டிக்கொண்டு வந்து, சைக்கிளைக் கூட்டின் சுவரோடு சாய்த்துவிட்டு, வழி நெடுக யோசித்து வைத்த நியாயங்கள் மறந்துபோவதற்குள் நேரே விறாந்தைக்குப் போனேன். மகள் வேலையால் வந்து, பூனையை வெளியே எடுத்து மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"பிள்ளை, உந்தத் திறப்பு விசயம்."

"ம்."

"வயது போன மனிசன். ஒரு பூனைக்குத் தண்ணி வைக்கக்கூட உரிமை இல்லாமல் இருக்கிறன். கட்டினது நான். கல் சுமந்தது நான். பிழை விட்டது மெய்தான், இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா மனிசன் திருந்தமாட்டானோ? இப்ப நான் பழைய ஆளில்லை. இப்ப எனக்கு எல்லாத்திலையும் ஒரு கவனம் வந்திட்டுது. நீயே யோசிச்சுப் பார்."

அவள் பூனையின் முறிந்த வாலை மெல்லத் தடவிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். முகத்தில் இரக்கம் மாதிரி ஒன்று வந்தது. வளையத்தைக்கூடக் கையில் எடுத்தாள். பிறகு என் தோளுக்கு மேலால் வீதிப் பக்கம் பார்த்தாள். மற்றக் கை பூனையை இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

"கேற்றைப் பூட்டினனீங்களோ, அப்பா?"